குறை ஒலியில் இல்லை, கோப்பில்

கணினி வாசிக்கும் பக்கவாத்தியம் ஏன் இப்படி உயிரில்லாமல் இருக்கிறது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: "சவுண்டு சரியில்லை. நல்ல லைப்ரரியாகப் பார்த்துப் போடுங்கள்." சபையில் கொயர் நடத்துகிறவர் இதைச் சொல்கிறார். பள்ளியில் இசை கற்பிக்கிறவர் சொல்கிறார். கிரேடு தேர்வுக்குப் போகும் மகளுக்குப் பியானோ துணை தயாரிக்கிற தகப்பனும் சொல்கிறார். மியூஸ்கோர், சிபேலியஸ், டோரிக்கோ என்று எந்த மென்பொருளை வைத்திருப்பவரானாலும், வாசிப்பு மோசமாக இருந்தால் முதலில் கைவைப்பது ஒலி நூலகத்தில்தான். இந்த நம்பிக்கை தவறானது. பணத்தையும் நேரத்தையும் கொட்டக்கூடாத இடத்தில் கொட்ட வைப்பது அதன் கூடுதல் கேடு.

எதிர்த் தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுவதே நியாயம். 1991இல் ஜெனரல் மிடி என்ற ஏற்பாடு வந்தது. 128 வாத்தியங்களுக்கு எண் கொடுத்து, எந்தக் கருவியில் திறந்தாலும் 1ஆம் எண்ணில் பியானோவே ஒலிக்கும் என்று உறுதி செய்தது. ஆனால் அந்த 128 ஒலிகளும் அன்றைய சவுண்டு கார்டுகளில் தகர டப்பாவிலிருந்து வருவதுபோல் கேட்டன. "மிடி" என்றாலே மட்டமான ஒலி என்ற எண்ணம் ஒரு தலைமுறையின் காதில் அப்படித்தான் பதிந்தது. பிறகு நோட்பெர்ஃபார்மர் போன்ற வாசிப்பு மென்பொருள்கள் வந்தன. 2022 டிசம்பரில் மியூஸ்கோர் 4 வெளிவந்தபோது மியூஸ்சவுண்ட்ஸ் என்ற ஒலித்தொகுப்பும் இலவசமாகவே கிடைத்தது. நேற்றுவரை கரகரத்த அதே ஸ்கோர், மறுநாள் உண்மையான வயலின் கூட்டம்போல் ஒலித்தது. மாறியது ஒலி மட்டும்தானே, ஆகவே குறையும் ஒலியில்தான் இருந்திருக்கிறது என்று மக்கள் முடிவுகட்டியதில் வியப்பில்லை.

உட்கார்ந்து கேட்பவரைப் பொறுத்தவரை அந்த முடிவு சரி. ஒரு இசையமைப்பாளர் தன் படைப்பை இயக்குநருக்குப் போட்டுக் காட்டுகிறார் என்றால் ஒலியின் அழகு அவருக்கு வேண்டும். பக்கவாத்தியத்தின் கதை வேறு. அதைக் கேட்பவர் சும்மா இருப்பதில்லை, கூடவே பாடுகிறார், வாசிக்கிறார். எங்கே நுழைவது, எங்கே மூச்சு விடுவது, எப்போது அடுத்த சரணத்துக்குத் தாவுவது என்று ஒவ்வொரு கணமும் அதனிடமிருந்து சைகை எதிர்பார்க்கிறார். அந்தச் சைகைகளில் ஒன்றுகூட ஒலி நூலகத்தில் இல்லை. எல்லாம் கோப்பில் இருக்கின்றன, அல்லது இல்லாமல் போயிருக்கின்றன.

இதற்கு எழுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சான்று உண்டு. 1950இல் நியூயார்க்கில் இர்வ் கிராட்கா 'மியூசிக் மைனஸ் ஒன்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு வாத்தியத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைத் தேர்ந்த கலைஞர்கள் வாசித்துப் பதிவுசெய்த தட்டுகள் அவை. விடுபட்ட பகுதியை வீட்டில் இருப்பவர் வாசித்துக்கொள்ளலாம். மனிதர் வாசித்த உண்மையான வாத்தியங்கள், ஆகவே ஒலியில் குற்றம் சொல்ல இடமே இல்லை. ஆனாலும் அந்தத் தட்டுக்குக் கூடவே வாசித்தவர் அதைத் துரத்திக்கொண்டுதான் ஓட வேண்டியிருந்தது. தட்டு யாருக்காகவும் நிற்காது. பின்னாளில் அதே நிறுவனம் மெதுவான வேகத்தில் பயிற்சிப் பதிவுகளையும் சேர்த்துத் தந்ததைக் கவனியுங்கள். வாடிக்கையாளருக்குக் குறைபட்டது காலம். நாதம் அல்ல.

இனி கோப்புக்குள் போவோம். 1983இல் வெவ்வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்களை ஒன்றோடொன்று பேசவைக்க உருவானது மிடி. அதில் இசை கிடையாது. எந்தச் சாவி, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற குறிப்புகள் மட்டுமே உண்டு. நடு 'சி' என்றால் 60. அதற்கு அடுத்த கறுப்புக் கட்டை 61. அது சி ஷார்ப்பா, டி ஃபிளாட்டா என்று மிடிக்குத் தெரியாது. காலத்தை அது டிக் கணக்கில் அளக்கும். ஒரு குரோச்செட்டுக்கு 480 டிக் என்பது பரவலான அளவு.

இப்போது ஒருவர் கீபோர்டில் நேராக வாசித்துப் பதிவுசெய்த மிடி கோப்பை இசைக்குறிப்பு மென்பொருளில் திறக்கிறார் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில், ஒரு விரல் 15 டிக் தாமதமாக எழுந்திருக்கிறது. அது விநாடியில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. எந்தக் காதுக்கும் தெரியாது. மென்பொருளுக்குத் தெரியும். அது அந்த மிச்சத்தை ஒரு துணுக்குச் சுரமாக எழுதி, டை போட்டு இணைத்து, அடுத்த சுரத்தோடு மோதுவதால் இரண்டாவது குரலையும் திறந்து, இடைவெளிகளை ஓய்வுக்குறிகளால் நிரப்பிவிடும். பக்கம் முழுக்க எறும்பு ஊர்ந்ததுபோல் ஆகிவிடும். வாசித்தவர் மெட்ரோனோம் இல்லாமல் வாசித்திருந்தால் இன்னும் மோசம். பார்க்கோடுகளுக்கும் பாட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. இந்தக் கோப்பின்மேல் எந்த வியன்னா வயலினை ஏற்றி என்ன பயன்?

"அப்படியானால் மியூசிக்எக்ஸ்எம்எல்லாக எடுத்துக்கொண்டால் போயிற்று" என்பார்கள். மைக்கேல் குட் உருவாக்கி, 2004இல் முதல் பதிப்பு வெளியான இந்த வடிவம் எழுத்தைச் சுமப்பதற்கென்றே பிறந்தது. சி ஷார்ப்பையும் டி ஃபிளாட்டையும் பிரித்தறியும். ஸ்லர், ஸ்டக்காட்டோ, பாடல் வரி எல்லாம் அதில் தங்கும். ஆகவே மிடியைவிட நல்ல தொடக்கம்தான். ஆனால் அங்கும் ஒரு பொறி இருக்கிறது. பக்கத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதெல்லாம் காதுக்கும் சரியாகக் கேட்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம். முந்தையவர் 'ரிட்.' என்பதைச் சாதாரண எழுத்தாகத் தட்டச்சு செய்து வைத்திருந்தால், மனிதர் படித்து வேகத்தைக் குறைப்பார், மென்பொருள் ஒரு நொடிகூடத் தயங்காது. 'டி.சி. அல் ஃபினே' என்று வெறும் எழுத்தாக இருந்தால் பாட்டு முதலுக்குத் திரும்பாமல் முடிந்துவிடும். வேகக்குறியும் அப்படித்தான். மிடி கோப்பில் வேகம் எதுவும் எழுதப்படவில்லை என்றால் விதிப்படி அது நிமிடத்துக்கு 120 என்று எடுத்துக்கொள்ளப்படும். சாவு வீட்டில் பாடும் பாமாலை அணிவகுப்புப் பாட்டாக மாறுவதன் இரகசியம் பல நேரங்களில் இதுதான்.

பக்கவாத்தியம் நன்றாக வாசிக்க வேண்டுமானால் கோப்பில் எதையெல்லாம் சரிசெய்ய வேண்டும்? எந்த ஒலி நூலகமும் தொட முடியாத இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, தொடக்கம். 'அமேசிங் கிரேஸ்' மெட்டு மூன்று பீட் கொண்ட பாரில், மூன்றாவது பீட்டில் தொடங்குகிறது. கோப்பைத் தயாரித்தவர் அந்த முதல் சுரத்தைக் கோப்பின் பூஜ்யப் புள்ளியில் வைத்துவிட்டால், மென்பொருள் அதை முதல் பீட் என்று எடுத்துக்கொள்ளும். கடைசிவரை ஒவ்வொரு பார்க்கோடும் ஒரு பீட் தள்ளி விழும். மெட்ரோனோமின் அழுத்தமான தட்டு தவறான அசையில் விழும். பாடுபவர் ஏன் தடுமாறுகிறோம் என்று தெரியாமலே தடுமாறுவார். முதல் பாரை ஒரு பீட் மட்டும் கொண்ட அரைகுறை பாராக அமைப்பது அரை நிமிட வேலை. அதோடு, முன்கவுன்ட்டையும் கோப்புக்குள்ளேயே எழுதிவிட வேண்டும். மென்பொருள் தானாகத் தரும் 'ஒன், டூ, த்ரீ' தட்டு அந்த மென்பொருளுக்குள் மட்டும் ஒலிக்கும். ஆடியோவாக மாற்றி வாட்ஸாப்பில் அனுப்பும்போது பெரும்பாலும் அது கூடவே போகாது. ஒரு தாள வரிசை சேர்த்து, ஒரு பார் தட்டை எழுதிவைத்தால் எங்கே போனாலும் இருக்கும்.

இரண்டாவது, மூச்சு. பாமாலையை நான்கு குரலில் பாடும் கொயரில் ஒவ்வொரு அடியின் முடிவிலும் எல்லோரும் சேர்ந்து மூச்சு விடுவார்கள். ஆர்கன் வாசிப்பவர் யாரும் சொல்லாமலே அங்கே கையைத் தூக்குவார். கோப்புக்கு நுரையீரல் இல்லை. அது அடியின் கடைசிச் சுரத்தை முழுசாகப் பிடித்து, மறுகணமே அடுத்த அடியைத் தொடங்கும். இரண்டாம் சரணத்திலேயே டெனர் வரிசை மூச்சுவாங்கும். மியூஸ்கோரில் மூச்சுக்குறியைப் போட்டு, அதன் பண்புகளில் எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்று கொடுக்கலாம். ஃபெர்மாட்டாவுக்கும் எத்தனை மடங்கு நீள வேண்டும் என்று சொல்லலாம். அல்லது அடியின் கடைசி பீட்டில் வேகத்தைக் குறைத்து அடுத்த பீட்டில் பழையபடி ஏற்றும் வேகக்குறிகளைப் போட்டு, அவற்றைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவைக்கலாம். பக்கம் சுத்தமாக இருக்கும், வாசிப்பு மூச்சு விடும். துணை வாசிப்பைத் தயாரிப்பதில் இதைவிடப் பலன் தரும் வேலை வேறில்லை. செலவும் இல்லை.

மூன்றாவது, வேகத்தின் அலகு. ஆறு-எட்டு தாளத்தில் உள்ள பாட்டுக்குக் குரோச்செட் 60 என்று எழுதியிருக்கிறார்கள். உண்மையில் நினைத்தது புள்ளிவைத்த குரோச்செட் 60. விளைவு, பெரிய பீட் நிமிடத்துக்கு 40 ஆகி, பாட்டு ஊர்கிறது. "ஒலி கனமாக இருக்கிறது" என்று நூலகத்தை மாற்றுவார்கள். புதிய நூலகத்திலும் 40தான்.

நான்காவது, குரல்களைப் பிரிப்பது. பாமாலைப் புத்தகங்களில் சொப்ரானோவும் ஆல்ட்டோவும் மேல் வரிசையில், டெனரும் பேஸும் கீழ் வரிசையில் என நெருக்கி அச்சிடுவது வழக்கம். அப்படியே கோப்பாக்கினால் ஆல்ட்டோவை மட்டும் மிக்ஸரில் ஏற்றிக் கேட்க வழியில்லை. இன்னொரு தொல்லையும் உண்டு. இரண்டு குரலும் ஒரே சுரத்தில் சந்திக்கும் இடத்தில், ஒரே மிடி சேனலில் இருந்தால், ஒரு குரல் சுரத்தை விட்டதும் மற்றதும் அடங்கிப்போகலாம். ஏனென்றால் 'விடு' என்ற கட்டளை எந்தக் குரலுக்கு என்று மிடியில் அடையாளம் இல்லை. நான்கு குரலுக்கு நான்கு வரிசை, நான்கு சேனல் என்று பிரித்துவிட்டால் இரண்டு பிரச்சினையும் தீரும். பயிற்சிக்கான குரலை முன்னால் நிறுத்தி மற்ற மூன்றையும் தணிக்கலாம். இங்கேயும் ஒரு கவனம் வேண்டும். ஒரு குரலின் ஒட்டுமொத்த அளவை மிக்ஸரில், அதாவது 7ஆம் கண்ட்ரோலரில் வைக்க வேண்டும். பாட்டின் ஏற்ற இறக்கம் பி, எஃப் குறிகளில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றிலேயே திணித்தால் ஒரு குரலைக் குறைக்கும்போது அதன் உணர்ச்சியும் சேர்ந்து போகும்.

ஐந்தாவது, சுருதி மாற்றம். பி ஃபிளாட் கிளாரினெட் தன் தாளில் 'சி' வாசித்தால் வெளியே வருவது பி ஃபிளாட். வாத்தியத்தின் பெயரை மட்டும் மாற்றி எழுதி, உள்ளே சுருதி இடமாற்றத்தை அமைக்காமல் விட்டால் கோப்பு ஒரு முழுச் சுரம் தள்ளியே வாசிக்கும். பாடகருக்காக மிடி கோப்பு முழுவதையும் இரண்டு அரைச்சுரம் இறக்கும்போது நடப்பது இன்னும் வேடிக்கை. ஜெனரல் மிடியில் 10ஆம் சேனல் தாள வாத்தியங்களுக்கானது. அங்கே எண் என்பது சுருதியைக் குறிக்காது, வாத்தியத்தைக் குறிக்கும். 38 ஸ்நேர், 36 பேஸ் டிரம். அந்தச் சேனலையும் சேர்த்து இறக்கினால் ஸ்நேர் விழ வேண்டிய இடமெல்லாம் பேஸ் டிரம் இடிக்கும். இதையும் "டிரம் சவுண்டு சரியில்லை" என்றே சொல்வார்கள்.

இந்த ஐந்தில் ஒன்றுகூட ஒலியைப் பற்றியதல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை. சில நேரங்களில் அழகான ஒலி கேட்டையே செய்யும். லெகாட்டோ வயலின் ஒலிகள் மெல்ல எழும்பும் இயல்புடையவை. வில் இழுத்து நாதம் நிறைய ஒரு கணம் ஆகும். பாடுபவர் காதுக்கு பீட் எங்கே விழுந்தது என்பது மங்கிப்போகும். சாதாரணப் பியானோ ஒலியில் சுத்தி கம்பியில் பட்டதும் பீட் தெரியும். தனியாக உட்கார்ந்து தன் பகுதியைக் கற்கும் ஆல்ட்டோ பாடகிக்கு எளிய பியானோவே சிறந்த துணை. விலையுயர்ந்த நூலகத்தை வாங்கிப் போட்டவருக்கு இதைச் சொன்னால் கோபம் வரும், ஆனால் உண்மை இதுதான்.

அடுத்த மறுப்பு கொஞ்சம் நுட்பமானது. "மென்பொருளே மனிதத்தன்மையைச் சேர்த்துக்கொள்ளும். ஃபினாலே மென்பொருளில் ஹியூமன் பிளேபேக் என்ற வசதி இருந்தது. நோட்பெர்ஃபார்மர் ஏறக்குறைய ஒரு விநாடி முன்னால் படித்து அதற்கேற்ப வாசிக்கிறது. கையால் திருத்த என்ன தேவை?" இவை நல்ல கருவிகள்தான். ஆனால் இவை படிப்பது எதை? நாம் எழுதியதை. ஸ்லர் எழுதாத இடத்தில் எதை வைத்துச் சொற்றொடரை அறியும்? மிடியிலிருந்து வந்த, ஸ்லரும் குறியும் இல்லாத மொட்டைச் சுரங்களில் அது ஒரு விநாடி முன்னால் பார்த்தாலும் மொட்டைச் சுரங்களையே பார்க்கும். ஆகவே இந்தக் கருவிகள் என் வாதத்துக்கே சாட்சி. கோப்பு எவ்வளவு செம்மையோ அவ்வளவுதான் இவற்றின் திறமை.

சுரங்களைத் தற்செயலாக முன்பின் தள்ளிவைக்கும் 'ஹியூமனைஸ்' பொத்தானை இவற்றோடு சேர்க்கவே கூடாது. நல்ல ஆர்கன் கலைஞர் தாமதித்தால் அதற்குக் காரணம் இருக்கும். கொயர் மூச்சு விடுகிறது, மெய்யெழுத்து ஒன்று கனமாக விழுகிறது, அடி முடிகிறது. காரணமில்லாத தாமதத்தை நாம் தடுமாற்றம் என்போம். கோப்பைச் சரிசெய்யாமல் அந்தப் பொத்தானை அழுத்துவது கிழிந்த சட்டைக்கு இஸ்திரி போடுவதுதான்.

"பாடுபவரைக் கேட்டு அவர் வேகத்துக்கே வாசிக்கும் தொழில்நுட்பம் வந்துவிட்டதே" என்பது மூன்றாவது மறுப்பு. அது புதிதல்ல. 1984இலேயே ரோஜர் டேனன்பெர்கும் பாரி வெர்கோவும் தனித்தனியாக, வாசிப்பவரைப் பின்தொடரும் கணினித் துணையை அறிமுகப்படுத்தினார்கள். பிறகு விவாச்சே, ஸ்மார்ட்மியூசிக் என்று அது வகுப்பறைக்கும் வந்தது. இந்த முறைக்கு அடிப்படைத் தேவை ஒன்று உண்டு. வாசிப்பவர் இப்போது எந்தச் சுரத்தில் இருக்கிறார் என்று ஒப்பிட்டுப் பார்க்கத் துல்லியமான ஒரு ஸ்கோர் வேண்டும். தனிக்குரலின் வரிசை மற்றவற்றோடு கலக்காமல் தெளிவாகப் பிரிந்திருக்க வேண்டும். மீள்குறிகள் சரியாக இருக்க வேண்டும். பின்தொடரும் கணினிக்குக் கெட்ட கோப்பைக் கொடுத்தால் அது கவனமாகத் தவறான இடத்துக்குப் பின்தொடரும்.

ஒரு எல்லையை ஒப்புக்கொள்கிறேன். ஐந்து கோட்டில் அடங்கும் இசைக்கே இந்த வாதம் பொருந்தும். கர்நாடக சங்கீதத்தின் கமகத்தை 60, 61 என்ற எண்களுக்குள் அடைக்க முடியாது. பிட்ச் பெண்ட் போட்டு வளைத்தாலும் தோடியின் காந்தாரம் கோப்பில் கஷ்டப்படும். அங்கே நாதத்தின் அசைவே இசை. இங்கே நான் பேசுவது பாமாலை, கொயர் பாட்டு, டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் தேர்வுப் பாடங்கள் போன்றவற்றை.

கடைசியாக வருவது சோம்பலின் வாதம்: "இவ்வளவு வேலை யார் செய்வது? லைப்ரரி என்றால் ஒரு கிளிக்." பதினாறு பார் பாமாலை ஒன்றில் இந்த வேலை எல்லாம் முடிக்க ஒரு மாலைப் பொழுதுகூட வேண்டியதில்லை. செய்த வேலை எவ்வளவு காலம் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1988இல் வெளிவந்து, ஒரு காலத்தில் இசை அச்சின் அரசனாக இருந்த ஃபினாலேயை அதன் நிறுவனம் 2024 ஆகஸ்ட் 26 அன்று நிறுத்துவதாக அறிவித்தது. அதற்கென்றே ஒலிகளைச் சீரமைத்து வைத்திருந்தவர்களின் உழைப்பில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிட்டது. செம்மையான ஸ்கோரை மியூசிக்எக்ஸ்எம்எல்லாக எடுத்துவைத்தவர்கள் வேறு மென்பொருளுக்கு நகர்ந்தார்கள். போனதும் சில அமைப்புகளைத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருந்தாலும், அரைகுறை பார், பிரித்த குரல்கள், ஸ்லர்கள், மீள்குறிகள் கூடவே வந்தன. மிடி கோப்புக்கான பொது வடிவம் 1988இல் வகுக்கப்பட்டது. அன்று எழுதிய கோப்பை இன்றும் திறக்கலாம். அன்றைய ஒலிகளை இன்று யார் தேடுகிறார்கள்?

தவறென்று இத்தனை தெளிவாகத் தெரிந்தும் இந்த நம்பிக்கை ஏன் நிலைக்கிறது? ஒலிக்கு விலை உண்டு, விற்பவர் உண்டு, விளம்பரம் உண்டு. மூச்சுக்குறி போடுவதை யாரும் விற்க முடியாது. புதிய கீபோர்டுக்கும் ஸ்பீக்கருக்கும் கமிட்டியில் தீர்மானம் போட்டுப் பணம் ஒதுக்குகிறோம். அந்தக் கீபோர்டில் ஓடும் கோப்பை மட்டும் "தம்பி, உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, கொஞ்சம் பார்த்துக்கொடு" என்று சும்மா வாங்கிக்கொள்கிறோம். சும்மா கிடைத்ததில் குறை இருந்தால் மறுபடியும் கடைக்குப் போகிறோம். பார்க்கோட்டை எண்ணி, மூச்சு விடும் இடம் பார்த்து, குரல்களைப் பிரித்து, வேகத்தைப் பாடிப் பார்த்து வைக்கிற அந்தத் தம்பி செய்வது இசை வேலை. ஆர்கன் வாசிப்பவர் கையைத் தூக்கும் அறிவுதான் அதிலும் இருக்கிறது. அடுத்த முறை ஒலி நூலகத்துக்குப் பணம் ஒதுக்கும் கூட்டத்தில், அதில் பாதியை அவருக்குக் கூலியாகக் கொடுக்கத் தீர்மானம் போடுங்கள். மீதிப் பாதியைச் செலவழிக்க வேண்டிய தேவையே வராமல் போகலாம்.